தோமாவின் குறுக்கு விசாரணை: சென்னையில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் இறக்கிவிட்டபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. மகள் ஸ்கூட்டியோடு நின்றாள். என்னையும் என் பையையும் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலையும் ஏற்றிக்கொண்டு ஆதம்பாக்கம் வந்து சேர்ந்ததே ஒரு அற்புதம். அதற்கே ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லலாம்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். பரங்கிமலை அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. உச்சியில் கோயில் விளக்கு, அதற்குக் கொஞ்சம் மேலே இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் விளக்கு. "நாலு வருஷமா இங்க இருக்கேன், ஒரு தடவ கூட ஏறல எம்மா" என்றாள் மகள். பக்கத்தில் இருப்பதை யார்தான் பார்க்கிறார்கள். பாளையங்கோட்டையில் நான் கோபாலசாமி கோயில் தெருவைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போனவள், கோபுரத்தை நின்று பார்த்ததில்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்து, தட்டச்சு. சாட்சிக் கூண்டில் நின்று யார் எது சொன்னாலும் அது என் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போனது. கண்ணால் கண்டவர், கேள்விப்பட்டவர், சொல்லிக்கொடுத்துக் கூட்டி வரப்பட்டவர், பாதியில் பிறழ்ந்தவர், எல்லோரையும் தட்டியாயிற்று. ஓய்வு பெற்றபின் ஒரு பழைய கேள்வியைத் தூசி தட்டினேன். ஓய்வுநாள் பள்ளியில் படிக்கும்போது எங்கள் ஐயரிடம் கேட்டுத் திட்டு வாங்கிய கேள்வி. (திருநெல்வேலி சி.எஸ்.ஐ.யில் போதகர்தான் ஐயர். வேறு ஊர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) இயேசு உயிர்த்துவிட்டார் என்று பெண்கள் வந்து சொன்னபோது சீஷர்கள் யாருமே நம்பவில்லை. லூக்கா அதை ஒளிக்கவில்லை. அந்த வார்த்தைகள் அவர்களுக்கு 'வீண்பேச்சாகத்' தோன்றின என்றே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷன் தோமாவுக்கு மட்டும் சந்தேகப்பட்டவன் என்ற பேர் ஏன்?

அந்தத் தோமா வந்து செத்த ஊர் என்று சொல்லப்படும் இடத்திலேயே மகள் குடியிருக்கிறாள். ஆகவே பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம். அப்புறம் வேப்பேரியில் அண்ணன் வீடு. அதைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள், வியாழன்

வெயில் ஏறுமுன் மலை ஏறிவிட்டேன். மலை என்றால் 300 அடி உயரம்தான். காரிலேயே மேலே போகலாம், ஆனால் படி இருக்கும்போது படியில்தான் ஏற வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பிடிவாதம். படிகளை எண்ண ஆரம்பித்து, மூச்சு வாங்கியதில் நூறுக்குப் பக்கத்தில் கணக்குத் தப்பிவிட்டது. இந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர், 1726இல். பட்டும் மணியும் விற்க வந்த ஊரில், தன் பணத்தில் ஊராருக்குப் படி கட்டினார். மனுஷர் மறுபடியும் வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே இருப்பது சின்னக் கோயில். 1523இல் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கியது. பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்திருக்கிறார்களே அந்தக் கல் சிலுவை, அதற்காகத்தான் நான் ஏறினேன். 1547இல் அஸ்திவாரம் தோண்டும்போது அகப்பட்டதாம். 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடந்துகொண்டிருக்கும்போது அதில் இரத்தம் கசிந்தது என்றும், 1704 வரை அப்படிப் பல முறை நடந்தது என்றும் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தேன். கல் கல்லாகவே இருந்தது. என் பக்கத்தில் முழங்காலில் நின்ற ஒரு அம்மாவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது இரத்தம் அல்ல, எழுத்து. சிலுவையைச் சுற்றி வளைவாக ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. போர்த்துகீசியருக்கு அது புரியவில்லை. உள்ளூர்ப் பண்டிதர் ஒருவரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னார்கள். அவர் படித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெரிய அர்த்தம் சொல்லி, தோமா வந்தது, போதித்தது, செத்தது வரை முழுக் கதையையும் அந்த ஒரு வரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்! கேட்க வந்தவர்கள் எதைக் கேட்க ஆசைப்பட்டார்களோ அதையே சொன்னார். இந்த வகைச் சாட்சியை எனக்கு நன்றாகத் தெரியும். தயங்க மாட்டார், ஒரு இடத்திலும் 'ஞாபகம் இல்லை' என்று சொல்ல மாட்டார், வக்கீல் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். மூன்று நூற்றாண்டு கழித்து, தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்த பர்னெல் துரைதான் அது பஹ்லவி எழுத்து என்று 1873இல் எழுதினார். பாரசீகத்துக் கிறிஸ்தவர்களின் எழுத்து. சின்னதொரு வேண்டுதல் போன்ற வாசகம். அதன் சரியான பொருளில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தோமா பேர் அதில் இல்லை.

அதனால் அந்தக் கல் பொய்யா? இல்லை. சொல்லாததை அதன் வாயில் திணித்ததுதான் பொய். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் நல்ல சாட்சி மாதிரி அது ஒன்றைச் சொல்கிறது: போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூறு வருடம் முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பாரசீகத்தோடு தொடர்பு இருந்தது. அதற்கு மேல் அதை இழுக்கக் கூடாது.

வெளியே வந்தால் மறுபக்கம் விமான ஓடுதளம் கண்ணுக்குக் கீழே. ஒரு ஓரத்தில் லாம்டன் துரையின் மார்பளவுச் சிலை. 1802 ஏப்ரலில் இந்த மலையடியிலிருந்துதான் அவர் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு, அதை மட்டும் தரையில் சங்கிலி பிடித்து அளந்தார்கள். அதன்மேல் கோணம் பார்த்து ஒரு முக்கோணம், அந்த முக்கோணத்தை நம்பி அடுத்தது, அதை நம்பி அதற்கடுத்தது. இந்த அளவைதான் பின்னாளில் இமயம் வரை போனது. எவரெஸ்ட் இத்தனை அடி என்று சொன்னவர்கள் அதன் உச்சியில் கால் வைத்ததில்லை. சிலுவையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்த எனக்கு, இந்தச் சிலையின் முன்னால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் 29,002 அடி என்றார்கள், 29,028 என்றார்கள், எழுதி மார்க் வாங்கினேன். ரசீதா கேட்டேன்?

மூன்றாம் நாள், வெள்ளி

ஆலந்தூரில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சின்னமலை. கூட்டமில்லை. தோமா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே ஒருபக்கம் ஜன்னல் போல ஒரு திறப்பு, வெளிச்சம் அதன் வழியாகத்தான். துரத்தி வந்தவர்களிடமிருந்து அந்த வழியாகத் தப்பிப் பெரியமலைக்கு, அதாவது பரங்கிமலைக்குப் போனாராம். பாறையில் கைத்தடம் என்று காட்டுகிறார்கள், நான் என் கையை வைத்துப் பார்க்கவில்லை. 1551இல் கட்டிய பழைய கோயிலை ஒட்டியே வட்ட வடிவத்தில் புதுக்கோயில். வெயிலில் ஊற்றுத் தண்ணீரைப் பார்த்ததும் தாகம் எடுத்தது, பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடித்தேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

திரும்பும்போது நடந்தே சைதாப்பேட்டைப் பாலம் பக்கம் போனேன். இப்போது மறைமலை அடிகள் பாலம். பழைய பாலத்தைக் கட்டியவர் யார் தெரியுமா? நம்ம உஸ்கான்தான். மலைக்குப் போகும் ஜனங்கள் அடையாற்றைத் தாண்ட வேண்டுமே என்று கட்டினார். பாலம் போய்விட்டது, கல்வெட்டு மட்டும் சாலை ஓரத்தில் புகை குடித்துக்கொண்டு நிற்கிறது. அதில் எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாது. ஆனாலும் உஸ்கான் பாலம் கட்டினார் என்று நம்புகிறேன். ஏன் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன். படித்தவர்கள் சொல்கிறார்கள், அவர்களுக்கு என்னை ஏமாற்ற ஒரு காரணமும் இல்லை, அவ்வளவுதான்.

ராத்திரி மகள் கேட்டாள், "சாட்சிய சட்டப்படி பாத்தா பைபிள் நிக்குமா எம்மா?" அவள் கம்ப்யூட்டர்காரி, எல்லாவற்றுக்கும் ஆமா இல்லை வேண்டும்.

1872ஆம் வருட இந்தியச் சாட்சியச் சட்டம் 60ஆம் பிரிவில் சொன்னது இது: வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும், பார்த்ததைப் பார்த்தவனே சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் சட்டத்தின் பேர் மாறிவிட்டது, விதி மாறவில்லை. அப்படிப் பார்த்தால் நம் தலையில் இருப்பதில் முக்கால்வாசி கேள்விப்பட்டதுதான், கூண்டில் நிற்காது. என் பிறந்த தேதிகூட நிற்காது, நான் பார்க்கவில்லையே.

ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தைப் படிக்கும்போது என் கோர்ட்டுக் காது நிமிர்ந்துகொள்ளும். சம்பவம் நடந்து இருபது இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதிய கடிதம். பாகப்பிரிவினை வழக்குகளில் அத்தனை வருடத்துப் பேச்சை வந்து சொல்வார்கள். ஓரமெல்லாம் நைந்திருக்கும், நடு அப்படியே இருக்கும். பவுல் 'நான் அடைந்ததும் உங்களுக்கு ஒப்புவித்ததும்' என்று ஆரம்பிக்கிறார். அதாவது இது என் சொந்தச் சரக்கு இல்லை, எனக்குச் சொல்லப்பட்டது. பிறகு உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல்: கேபா (பேதுருதான்), பன்னிருவர், ஐந்நூறு பேருக்கு அதிகமான சகோதரர், யாக்கோபு, கடைசியாக நான். அந்த ஐந்நூறு பேரைச் சொல்லிவிட்டு ஒரு வார்த்தை சேர்க்கிறார்: அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள் என்று அர்த்தம். பொய்ச்சாட்சி சாட்சிப் பட்டியலை எதிர்த்தரப்பு கையில் கொடுக்க மாட்டான். கலாத்தியரில் இன்னொன்றும் சொல்கிறார், பேதுருவைப் பார்க்க எருசலேமுக்குப் போய் பதினைந்து நாள் தங்கினாராம். அந்தப் பதினைந்து நாளும் வானிலையைப் பற்றியா பேசியிருப்பார்கள்?

அப்புறம் அந்தப் பெண்கள். அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். ஊர் அப்படி இருக்கும்போது கதை கட்டுகிறவன் முதல் சாட்சியாக மகதலேனா மரியாளைக் கூண்டில் ஏற்றுவானா? கட்டுகிறவனாக இருந்தால் ஊர்ப் பெரிய மனுஷனைத்தான் ஏற்றியிருப்பான்.

"அப்போ நிரூபணம் ஆயிடுச்சா?" என்றாள் மகள்.

இல்லை. சாட்சிகள் பொய் சொல்லத் தெரியாதவர்கள் போலத் தெரிகிறது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். நான் தட்டச்சர், ஜட்ஜ் இல்லை. மீதிக்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. அந்த 'வேறு ஏதோ' என்னவென்று தெரியாமல்தான் தூங்கப் போனேன்.

நான்காம் நாள், சனி

இன்றைக்கு எனக்குத் துணை, மகளின் வீட்டுக்காரம்மா. ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர், நெற்றி நிறைய விபூதி. "சாந்தோம் நீங்க காட்டுங்க, கபாலி கோயில் நான் காட்டுறேன்" என்று ஒப்பந்தம் போட்டு ஓலா ஆட்டோவில் கிளம்பினோம். டிரைவர் சுற்றிப் போகிறாரென்று டீச்சர் வழி நெடுகக் குறுக்கு விசாரணை செய்தார். அவர் அசரவில்லை.

சாந்தோம் பேராலயம் வெள்ளை வெளேரென்று. இப்போது நிற்கும் கட்டடம் 1896இல் முடிந்தது. கோபுரம் 155 அடி. 1523இல் போர்த்துகீசியர் கட்டியது இதே இடத்தில்தான். கல்லறை மண்டபத்துக்கு இறங்கிப் போகத் தனிவழி வைத்திருக்கிறார்கள். கீழே குளிர்ச்சியாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் படுத்த நிலையில் தோமாவின் உருவம். நாலைந்து பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பையன் பரீட்சை ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தான். கல்லறையைத் தோண்டியபோது எலும்பும் ஈட்டிமுனையும் ஒரு பானை மண்ணும் கிடைத்ததாகப் போர்த்துகீசியர் சொன்னார்கள். ஆனால் எலும்புகள் அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்னாலேயே சிரியா நாட்டுப் பக்கம் எதெஸ்ஸா ஊருக்குப் போய்விட்டன என்று அந்த ஊர்க்காரர்கள் பாட்டே பாடியிருக்கிறார்கள். அங்கிருந்து கீயோஸ் தீவு, 1258இல் இத்தாலியில் ஓர்த்தோனா. இன்றைக்கும் அங்கே ஒரு கல்லறை இருக்கிறது.

மரண காரணத்திலும் முரண்பாடு. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்', ராஜா மஸ்தாயின் உத்தரவில் நாலு சிப்பாய்கள் ஈட்டியால் குத்தினார்கள் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவிடம் உள்ளூர்க்காரர்கள் வேறு கதை சொல்லியிருக்கிறார்கள்: மயில்கள் நடுவில் ஜெபித்துக்கொண்டிருந்தார், மயிலுக்கு விட்ட அம்பு தவறி இவர்மேல் பாய்ந்தது. ஒன்று கொலை, மற்றது விபத்து. கொலைக் கதையில் வரும் ஊர் மயிலாப்பூர்தானா என்பதே சந்தேகம். ஆனால் மயிலைப் பற்றிய கதையை மயிலாப்பூரில் விட்டால் வேறெங்கே சொல்வார்கள்! மார்க்கோ போலோ காலத்தில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே இங்கே வந்திருக்கிறார்கள். இந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சிரியாக் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஆரம்பம். யார் எந்த நாட்டுக்குப் போவது என்று சீட்டுப் போடுகிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. மாட்டேன் என்கிறான். கடைசியில் இயேசுவே அவனை ஹப்பான் என்ற வியாபாரிக்கு அடிமையாக விற்று அனுப்பிவிடுகிறார். முழுக்கக் கதை என்று அறிஞர்கள் ஒதுக்கி வைத்திருந்த புத்தகம் இது. அதில் வரும் கொந்தபோரஸ் என்ற ராஜாவை யாருக்கும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான் பக்கத்திலும் பஞ்சாபிலும் அவன் பேர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. காலமும் ஒத்துப்போனது. கதை சொல்கிறவன் எல்லாவற்றையும் கதையாகச் சொல்வதில்லை. ஆனால் நாணயம் ராஜாவுக்குத்தான் சாட்சி, தோமாவுக்கு இல்லை.

பேராலயத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஒரு கம்பம். தோமா நட்டது, இதைத் தாண்டிக் கடல் வராது என்று ஐதீகம். 2004 சுனாமியில் தண்ணீர் இதைத் தாண்டவில்லை என்று சொல்கிறார்கள். மணலோரம் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன், அன்றைக்கு நீங்கள் இங்கே இருந்தீர்களா என்று.

"இருந்தேன்மா. தண்ணி வந்துச்சு. இங்க, இந்தோ இங்க வரிக்கும் கண்ணால பாத்தேன். புள்ளைங்கள இட்டுகினு சர்ச்சாண்ட ஓடுனோம்."

"கம்பம்தான் காப்பாத்துச்சுங்கிறாங்களே?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் திரும்பிப் பாக்கல. ஓடுனேன்."

பதவிக் காலம் முழுக்க இப்படி ஒரு சாட்சிக்காக ஜட்ஜுகள் ஏங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. கம்பம் காப்பாற்றியதாக இவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்றதால், தண்ணீர் எங்கே வரை வந்தது என்று அவர் காட்டிய இடத்தை முழுசாக நம்பினேன்.

மத்தியானம் டீச்சரின் முறை. கபாலீசுவரர் கோயிலில் கொடிமரம் தாண்டி நான் போகவில்லை, போகக் கூடாது என்று பலகை. பிராகாரத்திலேயே பூம்பாவை சந்நிதி இருக்கிறது. பாம்பு கடித்துச் செத்த பெண். அப்பா சிவநேசர் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்திருந்தார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடம் உடைந்து பெண் எழுந்து வந்தாள். எனக்கு அரைகுறையாகத் தெரிந்த கதை. டீச்சர் அந்த இடத்திலேயே மெல்லப் பாடினார், 'மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை' என்று. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம் என்று திருவிழாத் திருவிழாவாகச் சொல்லி, ஒவ்வொரு பாட்டு முடிவிலும் 'காணாதே போதியோ பூம்பாவாய்'. இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் பெண்ணே?

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. அரை மைலுக்கு அப்பால் சாந்தோமில் நான் விட்டு வந்த வாசகம், 'காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்'. இங்கே, 'காணாதே போதியோ'. ஒன்று காணாமலிருந்தாலும் பரவாயில்லை என்கிறது, மற்றது காணாமல் போகாதே என்று கெஞ்சுகிறது. இரண்டும் எலும்பும் கல்லறையுமாக ஒரே ஊரில். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி நான் யாரையும் சமாதானப்படுத்தப் போவதில்லை, இரண்டும் ஒன்றல்ல.

"பதிகத்துல குடம் உடைஞ்சதெல்லாம் வருதா டீச்சர்?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

அவர் சிரித்தார். "முழுக் கதை சேக்கிழார் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அஞ்சு நூறு வருஷம் கழிச்சு. சைவர்கள் அளவைன்னு சொல்வோம், காண்டல், கருதல், உரை. கண்ணால பாக்கறது, யோசிச்சுத் தெரிஞ்சுக்கறது, சொல்லக் கேட்டு ஏத்துக்கறது. உரைல முக்கியம் என்ன தெரியுமா? சொல்றது யாருங்கறதுதான். எனக்குச் சேக்கிழார் சொன்னா போதும்." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தோமாவுக்கு யார் சொன்னா?" என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தோமா இயேசுவைச் சந்தேகப்படவில்லை. அவரோடு சாகப் போவோம் வாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டவனே அவன்தான், யோவான் 11இல். அவன் சந்தேகப்பட்டது கூடவே மூன்று வருடம் சாப்பிட்டு, நடந்து, படுத்த பத்துப் பேரை. நீங்கள் சொன்னால் போதாது என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னான். எட்டு நாள் கழித்துத்தான் இயேசு மறுபடி வருகிறார். அந்த எட்டு நாளும் அவன் எங்கே இருந்தான்? அதே வீட்டில். அவர்களும் அவனைப் போ என்று சொல்லவில்லை, அவனும் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. வேதத்தில் அந்த எட்டு நாளுக்கு ஒரு வரி கிடையாது. கதவு பூட்டிய அறையில், நம்பினவர்களும் நம்பாதவனும் ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றிருப்பார்கள். தமிழில் விசுவாசம் என்பது நாய்க்கும் சொல்கிற வார்த்தை, விட்டுப் போகாமல் கிடப்பது. தோமாவுக்கு நம்பிக்கை வந்தது எட்டாம் நாள்தான். விசுவாசம் முன்பே இருந்தது.

கையை விலாவில் போடு என்று இயேசு சொன்னார். அவன் போட்டதாக யோவான் எழுதவில்லை. 'என் ஆண்டவரே! என் தேவனே!' என்றான், அதுதான் இருக்கிறது. படங்களில்தான் விரலை விட்டுப் பார்க்கிறான்.

திரும்பும் வழியில் டீச்சரிடம் ரொம்பப் பேசவில்லை. அண்ணன் ஞாபகம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

வேப்பேரி பரிசுத்த மத்தியா ஆலயத்தில் காலை ஆராதனை. இந்த இடத்தில் முதலில் கோயில் கட்டியவரும் உஸ்கான்தான், கல்லறையும் இங்கேயேதான். கத்தோலிக்கக் கோயிலாகக் கட்டினார், அவர் போனபின் சீர்திருத்த மிஷனரிகள் கைக்கு வந்தது. பெப்ரிசியஸ் ஐயர் இந்த வேப்பேரியில் இருந்துதான் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். பரிதாபமான மனுஷர். பணக் கொடுக்கல் வாங்கலில் ஆளறியாமல் நம்பிக் கெட்டு, வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். 1791இல் செத்தார். விசுவாசம் என்ற சொல்லை ஆயிரம் முறை எழுதிய கை யாரை நம்பி ஏமாந்ததோ.

வாசிக்கப்பட்ட பகுதி ரோமர் 10. 'விசுவாசம் கேள்வியினால் வரும்.' சின்ன வயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் தைரியத்தில்தான் ஐயரிடம் கேட்டது. காதால் கேட்பது என்றுதான் பொருள் என்று பிறகு சொல்லித் தந்தார்கள். ஏமாற்றமாக இருந்தது.

இனி எழுதப்போவதை அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் அம்மா 2014இல் தவறினாள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அண்ணன்தான் இருந்தான், எனக்குக் கோர்ட்டில் லீவு கிடைக்கவில்லை. அடக்கத்துக்கு அப்புறம் பார்த்தால் அம்மாவின் அஞ்சு பவுன் செயின் இல்லை. அம்மாவே கழற்றிக் கொடுத்து விற்கச் சொன்னாள், பணத்தை ஒருத்தரிடம் சேர்க்கச் சொன்னாள், அது யாரென்று யாருக்கும் சொல்லக் கூடாது என்றாள். இதுதான் அண்ணன் சொன்னது. நான் ரசீது கேட்டேன். "எங்கிட்டயாட்டி ரசீது கேக்க?" என்றான். அவ்வளவுதான் பேச்சு. மரண வாக்குமூலத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, தன் சாவின் காரணத்தைப் பற்றிச் சாகிறவர் சொன்னதைக் கேட்டவர் வந்து சொன்னால் ஏற்கலாம் என்று எத்தனை தடவை தட்டியிருப்பேன்! அதுகூட என் வீட்டில் எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்புறம் ரெண்டு கல்யாணத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தோமா எட்டு நாள் ஒரே வீட்டில் இருந்தான். நான் வருடக்கணக்கில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தேன்.

மைனி கதவைத் திறந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்து "யார் வந்திருக்கா பாருங்க" என்றாள். அண்ணன் இளைத்துவிட்டான். சர்க்கரையாம். மைனி சோறு போட்டாள், சாளை மீன் குழம்பு, எங்கள் அம்மா வைக்கிற மாதிரியே புளி தூக்கலாக. மழை பற்றி, மெட்ரோ தோண்டுவது பற்றி, என் மகள் வரன் பற்றிப் பேசினோம். ஊறுகாயைக் கொடுத்தேன். செயின் பேச்சு வரவில்லை. கிளம்ப எழுந்தேன், எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு அம்மா என்ன சொன்னா? முதல்ல இருந்து சொல்லு."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தான்.

"சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நல்ல மழை. நர்ஸ் ஜன்னல அடைச்சிட்டுப் போயிட்டா. அம்மா என்னைக் கிட்ட வரச் சொன்னா…"

என் வலது கை விரல்கள் மடிமேல் தானாகக் கோடு இழுக்க ஆரம்பித்தன. சுருக்கெழுத்து, முப்பத்தோரு வருடப் பழக்கம். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.